எதிர்வீட்டு நிழல்

2019ஆம் ஆண்டு மார்ச் 14, வியாழக்கிழமை பிற்பகல், பல்கலைக்கழக மொழிப்புலக் கட்டடத்தின் இரண்டாம் மாடி, 207ஆம் எண் அறையில், ஜப்பானியப் பிரிவின் பரிமாற்ற மாணவருக்கான இறுதித் தேர்வு நடந்தது. இருந்தது ஓர் இடம். வந்தவர்கள் இருவர். இருவரும் ஒரே வீட்டிலிருந்து ஒரே பேருந்தில் வந்தார்கள்.

இருவரில் மூத்தவளுக்கு வகுப்பில் கண்ணாடியக்கா என்று பெயர். அவள் கண்ணாடி போடுவதில்லை. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். வகுப்பில் யாருடைய கண்ணாடியில் திருகாணி கழன்றாலும் அவள் கைப்பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு திருப்புளி வெளியே வரும். இளையவள் அவளுடைய நாத்தனார், கணவரின் தங்கை. அவளை அண்ணி "குட்டி" என்று கூப்பிடுவதைக் கேட்டு வகுப்பும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டது.

கண்ணாடியக்கா ஜப்பானிய மொழிப் பக்கம் போனதே ஓர் இயந்திரத்தின் தொல்லையால்தான். கடை முதலாளி லென்ஸ் வெட்டும் இயந்திரம் ஒன்றைப் பழையதாக வாங்கிப் போட்டிருந்தார். வேலையில் கெட்டி. ஆனால் திரையில் வருவதெல்லாம் ஜப்பானிய எழுத்து. நின்றுவிட்டால் சிவப்பில் ஏதோ மின்னும். முதலாளி பக்கவாட்டில் ஒரு தட்டுத் தட்டுவார். சில நாள் ஓடும், சில நாள் ஓடாது. கண்ணாடியக்கா அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துப் பார்த்து வரைந்துகொண்டு, கைபேசியில் தேடி, ஒரு வாரம் மல்லுக்கட்டிக் கண்டுபிடித்தாள். 'தண்ணீர் இல்லை' என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றியதும் ஓடியது. இத்தனை நாளும் தாகம் என்று கத்திய ஒன்றைத் தட்டிக்கொண்டிருந்தோமே என்று அவளுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. அடுத்த ஆண்டு, வேலை பார்ப்பவர்களையும் பல்கலைக்கழகம் சேர்த்துக்கொள்கிறது என்று தெரிந்ததும் போய்ச் சேர்ந்தாள். காலையில் கடை, மதியத்துக்குப் பிறகு வகுப்பு.

குட்டியைக் கூட்டிக்கொண்டு போனதும் அவள்தான். மாமியார் மாமனார் இல்லாத வீடு. கல்யாணமாகி வந்தபோது குட்டி பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. தலை பின்னி விட்டதிலிருந்து காய்ச்சலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது வரை எல்லாம் அண்ணிதான். பள்ளி முடிந்து குட்டி சோபாவே கதி என்று கைபேசியைத் தடவிக்கொண்டிருந்த காலத்தில், "சும்மா கெடக்கற நேரத்துக்கு என்கூட வா, ரெண்டு எழுத்து தெரிஞ்சா குறைஞ்சா போயிடுவே?" என்று இழுத்துப் போனாள். குட்டிக்கு மொழி சட்டென்று ஒட்டிக்கொண்டது. எழுத்தில் அண்ணி முந்தினால் பேச்சில் குட்டி முந்தினாள். சமையலறை அலமாரிக் கதவுகளில் எழுத்துகள் எழுதின அட்டைகள் ஒட்டியிருக்கும். உப்பை எடுக்க வேண்டுமென்றால் அதன் பெயரை ஜப்பானிய மொழியில் சொல்லிவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று இருவருக்குள்ளும் ஒரு சட்டம். சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் கணவர், "இந்த வீட்ல உப்பு கேக்கறதுக்கே விசா எடுக்கணும் போலிருக்கு" என்பார்.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். நடுவில் நின்றுபோன பெட்டிக்குள் இருப்பவர்களிடம் கதவின் வழியாகப் பேசிப் பேசிப் பழகிய குரல் அவருக்கு. "ஒண்ணும் ஆகாது, நான் இருக்கேன், மூச்ச நல்லா விடுங்க." வீட்டிலும் அதே குரல்தான். பரிமாற்ற இடத்துக்கு இருவரும் விண்ணப்பித்தபோது அவர் இரண்டு பேரின் முதுகிலும் தட்டினார். மனைவியிடம் தனியாகவும் சொன்னார்: "ஒரு வருஷம்தானே. கண்ண மூடித் திறந்தா ஓடிடும். நீ போயிட்டு வா, வீட்ட நான் பாத்துக்கறேன்."

அந்த ஒரு வருஷம் கண்ணாடியக்காவுக்கு எவ்வளவு வேண்டியிருந்தது என்பதை அவள் யாரிடமும் விரித்துச் சொன்னதில்லை. வகுப்பில் எல்லோரும் அவளுக்காக மெதுவாகப் பேசினார்கள். ஒலிப்பதிவுகளும் மெதுவாகப் பேசின. தனக்காக யாரும் மெதுவாகப் பேசாத ஒரு தெருவில் நின்று அந்த மொழியைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு இருந்தது. மூன்றாம் ஆண்டு மாணவர் மட்டுமே விண்ணப்பிக்க முடியும் என்பது விதி. அவளும் குட்டியும் மூன்றாம் ஆண்டில் இருந்தார்கள். இதை விட்டால் வேறு பேருந்து கிடையாது.

எழுத்துத் தேர்விலும் நேர்முகத்திலும் அண்ணியும் நாத்தனாரும் ஏறக்குறைய ஒட்டி ஒட்டியே வந்தார்கள். மிச்சமிருந்தது தேநீர் அறை.

207 முன்பு பழைய ஒலிநாடாப் பெட்டிகளைப் போட்டுவைத்த அறை. ஜப்பானிலிருந்து பாடம் நடத்த வந்திருந்த ஆசிரியை அதைக் காலிசெய்து, மரப்பலகை போட்டு, மேலே பாய் விரித்து, கரிக்குப் பதில் மின்னடுப்பு வைத்துத் தேநீர் அறையாக்கியிருந்தார். சென்செய் என்றால் ஆசிரியர். அதுவே அவருக்குப் பெயராகிவிட்டது. செருப்பை வெளியே கழற்றிவிட்டு மண்டியிட்டு உள்ளே போக வேண்டும். ஜன்னலுக்குக் கீழே வண்டி நிறுத்துமிடம். யாராவது ஸ்டாண்டைத் தட்டும் சத்தம் நடுநடுவே வரும். சென்செய் யாரையும் தப்பு என்று சொன்னதில்லை. தலையைச் சற்றுச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை உள்ளிழுப்பார். ஃபெயில் மார்க்கைவிட அந்தக் காற்றுக்குத்தான் வகுப்பு பயந்தது.

அங்கே தேநீர் என்பது குடிப்பதோடு முடிவதில்லை. விருந்தளிப்பவர் ஒருவர், வருகிற விருந்தினரில் முதலாமவர் மற்றவர்கள் சார்பிலும் பேசுபவர். விருந்தளிப்பவர் ஏதாவது தவறவிட்டால் மற்றவர் கண்ணுக்குப் படாமல் மூடிவிடுவதும் முதல் விருந்தினரின் வேலை. குடித்து முடித்ததும் அவர் தூள் வைக்கும் செப்பையும் தூள் எடுக்கும் மூங்கில் கரண்டியையும் பார்க்கக் கேட்பார். பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு கேள்வி: இந்தக் கரண்டியின் பெயர் என்ன? ஒவ்வொரு நல்ல கரண்டிக்கும் அங்கே ஒரு பெயர் உண்டு. துறையில் இருந்தது ஒரே கரண்டி, அதுவும் பெயரில்லாதது. ஆகவே பயிற்சியில் விருந்தளிப்பவர் யாரோ அவரே அன்றைய பருவத்துக்குப் பொருந்த ஒரு பெயர் சொல்ல வேண்டும்.

தொடக்கத்தில் எல்லோரும் ஜப்பானியப் பருவப் பட்டியலைப் பார்த்துத்தான் சொன்னார்கள். உருகும் பனி, முதல் மலர், இளங்காற்று. மின்விசிறி அனலை வாரி இறைத்துக்கொண்டிருந்த ஒரு நாள் யாரோ 'உருகும் பனி' என்றதும் சென்செய் தலை சாய்ந்தது.

"வெளியே பனி உருகுகிறதா?" என்று ஜப்பானிய மொழியில் கேட்டார்.

"ஃப்ரிட்ஜுல உருகுது சென்செய், கரண்ட் இல்ல" என்று தமிழில் முணுமுணுத்தான் ஒட்டடைக்குச்சி. நெட்டையாக வளர்ந்து காற்றில் ஆடுகிற மாதிரி நடக்கும் மாணவன். மண்டியிட்டு உட்கார்ந்தால் அவன் கால் மரத்துப்போகிற வேகத்துக்குத் தனிப் பதக்கமே கொடுக்கலாம். சென்செய்க்குப் புரியவில்லை, வகுப்பு சிரித்தது.

சிரிப்பு அடங்கியதும் சென்செய் சொன்னார், இங்கே உங்கள் ஜன்னலுக்கு வெளியே என்ன நடக்கிறதோ அதிலிருந்து ஒரு பெயர் கொண்டுவாருங்கள் என்று. அந்தப் பெயருக்குத்தான் தேர்வில் அதிக எடை. இன்னொன்றும் சொன்னார். அதை யாரிடமும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். விருந்தினர் அங்கேதான் முதலில் கேட்க வேண்டும். முதல்முறை கேட்கிற முகத்தை நடிக்க முடியாது.

அன்று வீடு திரும்புகிற பேருந்திலேயே அண்ணியும் நாத்தனாரும் சுண்டுவிரல் கோத்துக்கொண்டார்கள். பெயரை மட்டும் பேசுவதில்லை.

கண்ணாடியக்காவுக்குப் பெயர் சீக்கிரம் கிடைக்கவில்லை. கடையில் யோசித்தாள், பேருந்தில் யோசித்தாள். புதுக் கண்ணாடி மாட்டியதும் வாடிக்கையாளர் ஒரு கணம் இமைக்காமல் நிற்பதை நினைத்தாள். அதில் பருவம் இல்லை. கடைசியில் அது அவள் வீட்டு பால்கனியிலேயே இருந்தது. வெயில் காலத்தில் அந்தப் பால்கனியில் கால் வைக்க முடியாது. நாலு மணி வாக்கில் சூரியன் எதிர்வீட்டு மாடிக்குப் பின்னால் இறங்கும். அந்த வீட்டின் நிழல் தெருவைத் தாண்டி, சுவரில் ஏறி, கொடியில் கிடக்கும் ஈரத்துணியை முதலில் தொடும். பிறகு தரை. பிறகுதான் ஆள் வெளியே வரலாம். அந்த வீட்டுக்காரர்கள் யாரென்றுகூட இவர்களுக்குத் தெரியாது. கேட்காமலேயே தினமும் நிழலை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

எதிர்வீட்டு நிழல்.

அதை ஜப்பானிய மொழிக்குக் கொண்டுபோக அவள் இன்னும் சில நாள் செலவழித்தாள். அகராதியில் இருந்த நேரான சொற்கள் அவளுக்குப் பிடிக்கவில்லை. தெருவுக்கு அந்தப் பக்கம் என்பதற்கு ஒரு சொல், சூரியனுக்கு மறைவான இடம் என்பதற்கு ஒரு சொல் என்று எடுத்து, வாயில் போட்டு உருட்டி, ஒன்றோடொன்று உரசாமல் வைத்தாள்.

கொடுத்த வாக்கை அவள் மீறவில்லை. குட்டியிடம் சொல்லவில்லை. கணவரிடம் சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நிழல் இறங்கிய பிறகு, துணி எடுத்துக்கொண்டிருந்தாள். அவர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார். உனக்கு என்னதான் தேர்வு, தேநீர் போடத் தெரியாதா என்று கேட்டார். அவள் கரண்டியையும் பெயரையும் விளக்கினாள். சொல்லச் சொல்ல, மனதில் இருந்ததும் வந்துவிட்டது. கையில் இருந்த துண்டைக் காட்டி, "பாத்தீங்களா, ஈரத்துணியத்தான் மொதல்ல தொடும். அப்புறம்தான் நம்மள" என்றாள். ஜப்பானிய மொழியில் 'உப்பு' கூடத் தெரியாத மனிதர். அவரிடம் சொன்னால் சுவரிடம் சொன்ன மாதிரி என்று நினைத்தாள். சுவருக்கும் காது உண்டு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவள்தான்; ஆனால் அந்தப் பழமொழி அடுத்தவர் வீட்டுச் சுவரைப் பற்றியது என்று எல்லோரையும் போல அவளும் நம்பியிருந்தாள்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கணவர். "இதுக்குப் போயி மார்க் போடுவாங்களா?"

"இதுக்குத்தான் போடுவாங்க."

அவர் எதிர்வீட்டைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேர்வன்று பாயின் ஓரத்தில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். சென்செய், துறைத்தலைவர், வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஒருவர். சீட்டுப் போட்டதில் குட்டி முதலில் விருந்தளிப்பவளானாள். அண்ணி முதல் விருந்தினர். இரண்டாம் விருந்தினராக இடத்தை நிரப்ப ஒட்டடைக்குச்சியை உட்கார வைத்திருந்தார்கள்.

குட்டி தொடக்கத்திலேயே ஒரு படியைத் தவறவிட்டாள். தேநீருக்கு முன் இனிப்பு எடுத்துக்கொள்ளுங்கள் என்று விருந்தினரை அழைக்க வேண்டிய இடத்தில் அவள் அழைக்கவில்லை; நேரே தூளுக்குக் கை போய்விட்டது. கண்ணாடியக்கா சற்றும் யோசிக்கவில்லை. யாரோ அழைத்தது போலவே குனிந்து வணங்கி, "உங்களுக்கு முன்னால் எடுத்துக்கொள்கிறேன்" என்று பக்கத்திலிருந்த ஒட்டடைக்குச்சியிடம் முறைப்படி சொல்லி, தட்டை எடுத்துக்கொண்டாள். வெளித் தேர்வாளர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. சென்செய் கவனித்தார், ஆனால் காற்றை இழுக்கவில்லை. குட்டியின் தோள் இறங்கியது. அதன் பிறகு அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. மூங்கில் கடைகோல் கிண்ணத்தில் மழை பெய்கிற மாதிரி சத்தம் போட்டது. கண்ணாடியக்காவுக்கு, போட்டியை மறந்து, பெருமையாகக்கூட இருந்தது.

குடித்தார்கள். செப்பும் கரண்டியும் வந்தன. கண்ணாடியக்கா பார்த்தாள், ஒட்டடைக்குச்சிக்கு நகர்த்தினாள், திருப்பி வைத்தாள். செப்பின் வடிவத்தைக் கேட்டாள். கரண்டியைச் செய்தவரைக் கேட்டாள். பிறகு, மரபு சொல்கிற சொற்களில், சொல்கிற பணிவில், கரண்டியின் பெயரைக் கேட்டாள்.

குட்டி தலை நிமிராமல் சொன்னாள். அகராதியில் இருக்கும் நேரான சொற்கள். எதிர்வீட்டு நிழல்.

கண்ணாடியக்காவுக்கு முதலில் ஒரு சந்தேகம்: இரண்டு பேரும் ஒரே பால்கனியில் நிற்கிறவர்கள், இரண்டு பேருக்கும் ஒரே எண்ணம் வந்திருக்கக் கூடாதா? அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்க அவள் தயாராகவே இருந்தாள். ஆனால் முதல் விருந்தினர் அத்தோடு விடக் கூடாது. பெயரின் கதையை மற்றவர் காதிலும் விழும்படி கேட்க வேண்டும். கேட்டாள். குட்டி சொன்னாள்: எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு வீடு. அதன் நிழல் மாலையில் வரும். ஈரத்துணியைத்தான் முதலில் தொடும். அப்புறம்தான் நம்மை.

தமிழில் சொன்ன ஒரு வாக்கியம் அப்படியே ஜப்பானிய உடை போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தது. குட்டி துணி எடுத்ததே கிடையாது. அவள் மாலையில் பால்கனிப் பக்கம் வருகிறவளும் அல்ல.

இப்போது முதல் விருந்தினர் பாராட்ட வேண்டும். அதுதான் முறை. கண்ணாடியக்கா இரண்டு கைகளையும் பாயில் ஊன்றி, நெற்றி தாழக் குனிந்து, மிகவும் அழகான பெயர், கேட்கக் கிடைத்ததற்கு நன்றி என்றாள். சொற்கள் ஒன்றும் பிசகவில்லை. மூன்றாண்டுப் படிப்பு வீண் போகவில்லை.

வெளித் தேர்வாளர் முகம் மலர்ந்திருந்தது.

அடுத்து அவள் முறை. தண்ணீர் முகந்தாள், கடைந்தாள், கொடுத்தாள். கை தன் பாட்டுக்கு வேலை செய்தது. குட்டி முதல் விருந்தினராக உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக் கேள்விக்கு அவள் குரல் இறங்கியது.

கண்ணாடியக்கா மனதில் வேறு பெயர் ஒன்றிரண்டு கிடந்தன, கழித்துப் போட்டவை. இளங்காற்று என்றாவது சொல்லியிருக்கலாம். தன்னுடையதையே தன் சொற்களில் சொல்லியிருக்கலாம்; குட்டியைப் பார்த்துக் காப்பியடித்தது என்று நினைப்பார்கள். அவள் கரண்டியைப் பார்த்தாள்.

"பெயர் இல்லை" என்றாள்.

சென்செய் தலை சாய்ந்தது. காற்று உள்ளே போகும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது.

முடிவை அன்றே சொன்னார்கள். மற்ற எல்லாவற்றிலும் இருவரும் சமம், பெயரில்தான் வித்தியாசம் என்று துறைத்தலைவர் தாழ்வாரத்தில் நின்று விளக்கினார். கேட்டுவிட்டு, கழிப்பறைக்குப் போய்வருகிறேன் என்று குட்டி நழுவினாள், திரும்பி வரவில்லை. கண்ணாடியக்கா செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது ஒட்டடைக்குச்சி மரத்த காலைச் சுவரில் உதைத்துக்கொண்டே பக்கத்தில் வந்தான்.

"அக்கா, அந்தப் பேரு உங்களோடதுதானே?"

"யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. அவ சொன்னப்போ நீங்க புதுசா கேக்கற மாதிரி இல்ல. பர்ஸத் தொலைச்சவங்க மாதிரி இருந்தீங்க." கொஞ்சம் நிறுத்தி, "வளர்த்த கடா மார்ல பாயும்னு சொல்வாங்க. ஆனா இவ்ளோ மரியாதையா, மண்டி போட்டுப் பாயும்னு சொன்னதில்ல" என்றான்.

அவள் சிரிக்கவில்லை. அவனும் சிரிப்பதற்காகச் சொல்லவில்லை.

வீட்டில் குட்டி தன் அறைக் கதவைச் சாத்திக்கொண்டிருந்தாள். கணவர் வந்துவிட்டிருந்தார், எண்ணெய்க் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, "என்னாச்சு?" என்றார். அதைக் கேட்ட விதத்திலேயே அவருக்கு என்ன ஆனது என்று தெரியும் என்பது தெரிந்தது.

கண்ணாடியக்கா கத்தவில்லை. கதவைத் தட்டிக் குட்டியை வெளியே கூப்பிட்டாள். மூவரும் கூடத்தில் நின்றார்கள். யார் யாருக்குச் சொன்னது என்று மட்டும் கேட்டாள்.

குட்டிக்குத் தரையிலிருந்து கண் எழவில்லை. "அண்ணன்தான் வந்து சொன்னான், அண்ணி. நான் கேக்கல. எனக்குப் பேரே கிடைக்கலன்னு அழுதுட்டிருந்தேன். இத வச்சுக்கோ, அவ வேற யோசிச்சுட்டான்னு சொன்னான்."

"நம்பினியா?"

குட்டி அண்ணன் பக்கம் திரும்பினாள்.

"நான் வேற யோசிச்சுட்டேன்னு நம்பினியாடி?"

"மொதல்ல நம்பினேன்," என்றாள் குட்டி. "நீங்க பேரோட கதையக் கேட்டப்போ உங்க குரல் மாறிடுச்சு. அதுக்கப்புறம் நம்பல. ஆனா அதுக்குள்ள பேரச் சொல்லியாச்சு."

கணவர் அந்த லிஃப்ட் குரலை எடுத்தார். உட்கார், தண்ணீர் குடி, நிதானமாகப் பேசலாம் என்றார். பிறகு அவர் பக்கத்தைச் சொன்னார், வெகு நேரம் சொன்னார். குட்டிக்கு இன்னும் கல்யாணமாகவில்லை, இப்போது போனால்தான் உண்டு. இவளுக்குக் கடை இருக்கிறது, வீடு இருக்கிறது. ஒரு வருஷம் ஆள் இல்லாமல் அவர் மட்டும் என்ன செய்வார்? போகாதே என்று சொன்னால் மனம் நோகும், அதனால் சொல்லவில்லை. யாரோ ஒருத்தி போகத்தான் போகிறாள். போகிறவள் நம் வீட்டுப் பெண்ணாக இருந்தால் என்ன தப்பு? ஒரே கல்லில் இரண்டு மாங்காய் என்று வாய் வரை வந்ததை நல்லவேளையாக விழுங்கிக்கொண்டார். ஆனால் அவள் அதைக் கேட்டுவிட்டாள்.

"போகாதேன்னு சொல்லியிருக்கலாமே" என்றாள் அவள்.

"சொன்னா நீ நின்னிருப்பியா?"

"சண்ட போட்டிருப்பேன்."

"அதான்" என்றார்.

அவள் ஒன்றே ஒன்று கேட்டாள். திங்கட்கிழமை கணவர் துறைத்தலைவரிடம் வந்து, அந்தப் பெயரை அவள்தான் தன்னிடம் சொன்னாள் என்று சொல்ல வேண்டும். இடம் கிடைக்காமல் போகட்டும்; இருவருக்கும் மறுபடி தேர்வு வைப்பார்களோ, யாருக்கும் இல்லை என்பார்களோ, அது அவர்கள் பாடு. குட்டி கேவ ஆரம்பித்தாள். கணவர் தங்கையைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார்.

"சரி, வர்றேன். உண்மையத்தானே சொல்லச் சொல்றே" என்றார்.

இடையில் இருந்த நாட்களில் வீட்டில் யாரும் உப்பு கேட்கவில்லை. தேவைப்பட்டவர்கள் எழுந்து போய் எடுத்துக்கொண்டார்கள். குட்டியிடம் கண்ணாடியக்காவுக்குக் கோபம் இருந்தது. ஆனால் அது திருடின பிள்ளையிடம் வருகிற கோபம், அதற்கு ஒரு கரை உண்டு. கணவரிடம் இருந்தது என்னவென்று அவளுக்கே பிடிபடவில்லை. திங்கட்கிழமை அவர் வந்து சொல்லிவிட்டால் அதற்கும் கரை கட்டிவிடலாம் என்று மட்டும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அவர் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு ஆணியில் மாட்டி வைத்தார். அதைப் பார்த்தபோது அவளுக்குக் கொஞ்சம் மனம் இளகியது.

திங்கட்கிழமை பேருந்தில் அவர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வந்தார். துறைத்தலைவரின் அறையில் சென்செய்யும் இருந்தார். கண்ணாடியக்கா நடந்ததைச் சொன்னாள். தமிழில் துறைத்தலைவருக்கு, பிறகு அதையே ஜப்பானிய மொழியில் சென்செய்க்கு. தான் தேர்ந்து வைத்திருந்த சொற்களையும் சொன்னாள். அதைக் கேட்டதும் சென்செய் தலையைச் சாய்க்கவில்லை. நேராக வைத்துக்கொண்டு, இன்னொரு முறை சொல்லச் சொன்னார். சொன்னாள். சென்செய் அந்தச் சொற்களைத் தன் வாய்க்குள் மெல்லச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

துறைத்தலைவர் கணவர் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இவங்க உங்ககிட்ட முன்னாடியே அந்தப் பேரச் சொன்னாங்களா?"

கணவர் நாற்காலியின் விளிம்புக்கு வந்தார். குரல் நிதானமாக இருந்தது, அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்களைப் பதறவிடாத குரல்.

"எனக்கு அந்த பாஷையே தெரியாதுங்க சார். வீட்ல ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் படிப்பாங்க, எந்நேரமும் அதே பேச்சுதான். யாரு மொதல்ல சொன்னா, யாரு அப்புறம் சொன்னான்னு எனக்கு எப்படித் தெரியும்? என்கிட்ட அப்படி எதுவும் தனியா சொன்னதா ஞாபகம் இல்ல." பிறகு மனைவியைப் பார்த்து, அன்பாகவே, "அவங்களுக்குக் கிடைக்கலங்கற வருத்தம் சார். ரொம்ப ஆசப்பட்டாங்க" என்றார்.

வெளியாட்கள் முன்னால் மட்டும் அவர் அவளை 'அவங்க' என்பார்.

அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் கண்ணை விலக்கவில்லை. அதுதான் அவளுக்குப் பிறகும் வெகுகாலம் மறக்காமல் இருந்தது: தேநீர் அறையில் குட்டியால்கூடத் தலை நிமிர முடியவில்லை.

துறைத்தலைவர் கைகளைக் கோத்துக்கொண்டார். ஒரே வீடு, ஒரே பால்கனி, ஒரே நிழல். இதில் யாருடையது என்று துறை எப்படித் தீர்மானிக்கும்? வெளித் தேர்வாளர் கையெழுத்துப் போட்டுப் போய்விட்டார். அன்று அந்த அறையிலேயே சொல்லியிருந்தால் ஏதாவது செய்திருக்கலாம்; பெயர் இல்லை என்று அவளே சொன்னது எல்லோர் காதிலும் விழுந்தது. சென்செய் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஜப்பானிய மொழி தெரியாத துறைத்தலைவர் அதை மொழிபெயர்க்கும்படி கண்ணாடியக்காவையே பார்த்தார். சென்செய் சொன்னது இவ்வளவுதான்: இனிப்புத் தட்டை நீங்கள் எடுத்தது எனக்குத் தெரியும்.

கண்ணாடியக்கா அதை மொழிபெயர்க்கவில்லை. வணங்கிவிட்டு எழுந்தாள்.

படியிறங்கும்போது கணவர், மதியச் சாப்பாட்டுக்கு எங்கேயாவது போகலாமா என்று கேட்டார். அவள் கடைக்கு நேரமாகிவிட்டது என்றாள். அன்று இயந்திரத்தில் பதினாறு வயதுப் பெண் ஒருத்தியின் முதல் கண்ணாடி இருந்தது. சட்டத்தில் லென்ஸ் சரியாக உட்காரும் வரை மெல்லத் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தாள்.

ஏப்ரலில் அவள் கடைக்குப் பின்னால் இருந்த அறையை முதலாளியிடம் கேட்டு வாங்கிக் குடிபோனாள். துணிமணியும் புத்தகங்களும் மட்டும் எடுத்துக்கொண்டாள். அலமாரிக் கதவுகளில் இருந்த அட்டைகளை எடுக்கவில்லை. கணவர் இரண்டு முறை வந்து கூப்பிட்டுப் பார்த்தார். குட்டி ஒரு முறை கடை வாசல் வரை வந்து, உள்ளே வாடிக்கையாளர் இருந்ததால் திரும்பிப் போனாள்.

குட்டி செப்டம்பர் இரண்டாம் வாரம் ஜப்பானுக்குப் புறப்பட்டாள். கண்ணாடியக்கா நான்காம் ஆண்டு வகுப்பில் சேர்ந்தாள். அந்த ஆண்டும் பரிமாற்ற இடத்துக்கு அறிவிப்பு வந்தது. நான்காம் ஆண்டு மாணவர்கள் விண்ணப்பிக்க முடியாது.